சிறு பட்டறைக்கு எந்த வரைவு மென்பொருள்? அரிசி ஆலைச் சூட்டும் ஆத்தங்குடி அச்சும் முன்னிட்டு

புதுவயலில் அப்பாவின் லேத், வெல்டிங் பட்டறையை ஏற்று நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிப்ளமோ முடித்தவர், படிக்கும்போது ஆட்டோகேட் பழகியவர், கையில் 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி இருக்கிறது, செலவழிக்க 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். வரும் வேலைகளில் பெரும்பங்கு அரிசி ஆலை எலிவேட்டர் சூட் (தானியம் சரிந்து இறங்கும் தகட்டுக் குழாய்), ஸ்க்ரூ கன்வேயர் (திருகு சுழன்று தானியத்தைத் தள்ளும் கருவி), புல்லி ஆகியவை; அண்மையில் ஆத்தங்குடிக் கல்லுக்கு, அதாவது செட்டிநாட்டு வண்ணத் தரைக்கல்லுக்கு, அச்சுச் சட்டம் செய்து தரும் கேட்பும் வந்திருக்கிறது. மெக்கானிக்கல் வேலைக்கு மலிவான கேட், அதாவது கணினியில் வரையும், மென்பொருள் எது என்பதும், நண்பர் தருவதாகச் சொல்லும், உரிமப் பூட்டை உடைத்த கிராக் பிரதியைப் போட்டுக்கொண்டால் என்ன என்பதும் அவர் கேள்விகள். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது இது: அவர் விலையைக் கேட்கிறார், ஆனால் அவருக்குத் தேவைப்படுவது பட்டறையில் வரைந்த அளவு லேசர் கட்டிங் கடைக்குப் பிசகாமல் போய்ச் சேர்வதும், அதே உருப்படிக்கு ஐந்து ஆண்டு கழித்து மறு ஆர்டர் வந்தால் அந்தக் கோப்பு திறப்பதும்தான். அந்த இரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வரைபலகையும் மினி டிராஃப்டரும் வைத்துத் தொடங்கி, திருச்சியில் ஃபேப்ரிகேஷன் நிறுவனங்களில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் சொந்தமாக வரைபட வேலை செய்து கொடுக்கிறேன். தகடு, கன்வேயர், லேத் உருப்படி ஆகியவற்றில் 20 ஆண்டுகளுக்கு மேலான பழக்கம் உண்டு. பிளாஸ்டிக் மோல்டு, வாகனப் பாகங்கள் ஆகியவை என் தொழில் அல்ல. அவற்றுக்கு நான் கீழே சொல்வது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர்களுக்குள் போகுமுன் உங்கள் பட்டறையிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பாருங்கள். லேசர் கடைக்குப் போவது டிஎக்ஸ்எஃப், அதாவது எந்த வரைவு மென்பொருளும் படிக்கும் கோட்டுப்படக் கோப்பு. லேத்காரர் கைக்குப் போவது அளவிட்ட தாளோ பிடிஎஃப்போ. பெரிய நிறுவனம் ஏதேனும் முப்பரிமாணக் கோப்பு கேட்டால் அது பெரும்பாலும் ஸ்டெப், அதாவது ஐஎஸ்ஓ 10303 தரத்தின்படி எழுதப்படும் பொது வடிவம். இந்த மூன்றையும் ஒழுங்காகத் தரும் எந்த மென்பொருளும் உங்களுக்குப் போதும். வாடிக்கையாளர் தன்னுடைய மென்பொருளின் சொந்தக் கோப்புதான் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் மட்டுமே கதை மாறுகிறது. சூட்டும் புல்லியும் கேட்டு வரும் ஆலைக்காரர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இனி உரிமம். இலவசம் என்று விளம்பரத்தில் வருவனவற்றுள் பெரும்பாலானவை உங்களுக்கு இலவசம் அல்ல, ஏனென்றால் நீங்கள் பில் போட்டுச் சம்பாதிப்பவர். ஆட்டோகேட்டைச் செய்யும் ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் என்னும் முப்பரிமாண மென்பொருள் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம்தான். ஆனால் அது வணிகமல்லாத வேலைக்கு என்றும், அதன்வழி வரும் ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் என்றும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஆவணங்கள் 10 மட்டுமே. அந்த உரிமத்தின் சில வசதிகளை 2020 அக்டோபரில் குறைக்கவும் செய்தார்கள். ஆன்ஷேப் உலாவியிலேயே ஓடும், பழைய கணினிக்கு இதமானது, செய்தவர்களும் சாலிட்வொர்க்ஸ் என்னும் முப்பரிமாண மென்பொருளை உருவாக்கிய கைகளே; ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது உலகில் யார் கண்ணுக்கும் படும்படி திறந்து கிடக்கும், வணிக வேலைக்கும் இடமில்லை. பணம் கட்டும் திட்டமோ டாலரில் நான்கு இலக்கத்துக்குப் போய்விடும். சாலிட் எட்ஜின் சமூகப் பதிப்பும் சாலிட்வொர்க்ஸின் மேக்கர்ஸ் பதிப்பும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கானவை. அவற்றில் செய்த கோப்பை அதே நிறுவனத்தின் வணிகப் பதிப்பில் திறக்க முடியாதபடி முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். மாணவர் உரிமமும் இப்படியே: படிக்கும்வரை வரம், பில் புத்தகத்தில் முதல் பில் எழுதியதும் உங்களுடையது அல்ல.

கிராக் பிரதியைப் பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை, சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு உரியது: குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று அதிலேயே ஒரு சலுகை உண்டு. ஆனால் பட்டறை ஆதாயத்துக்குத்தான் நடக்கிறது. கிராக் கோப்பை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள் என்பதையும், அதே கணினியில்தான் நீங்கள் ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, மிஞ்சுவது என்ன? என் தீர்ப்பு நேரடியானது: இருபரிமாணத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாணத்துக்கும் தகடு விரிப்புக்கும் ஃப்ரீகேட். இரண்டும் திறமூல மென்பொருள்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. உரிமம் காலாவதியாகும் பேச்சே இல்லை. இணையம் இல்லாத நேரத்திலும் ஓடும். உங்கள் 10,000 ரூபாயை மென்பொருளில் போடாமல் ஒரு எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி நினைவகத்தில் சில பத்துப் பாகங்கள் கொண்ட தொகுப்பு வரை ஃப்ரீகேட் திணறாமல் போகும். முழு ஆலையையும் ஒரே கோப்பில் அடுக்க நினைத்தால் திணறும்.

ஃப்ரீகேட்டின் குறைகளை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பது நியாயமல்ல. நெடுங்காலம் அதற்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. ஒரு பிளாக்கின் ஆறாவது முகத்தில் துளை போடுகிறீர்கள் என்று வையுங்கள்; பிறகு அடிப்படை ஸ்கெட்சில், அதாவது உருவம் எழும்பும் தட்டை வரைவில், ஒரு கோட்டைக் கூட்டினால் முகங்களின் எண்வரிசை மாறிவிடும்; துளை வேறு முகத்தில் போய் உட்காரும், அல்லது மொத்தமும் சிவப்பாகி நின்றுவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்தக் கோளாறைப் பெருமளவு தணித்தது. பாகங்களை ஒன்றோடொன்று பூட்டும் அசெம்பிளி வசதியும் அந்தப் பதிப்பிலிருந்துதான் உள்ளேயே வருகிறது. ஆகவே அதற்கு முந்தைய பதிப்பை வைத்து எழுதப்பட்ட குறைகூறல்களைத் தேதி பார்த்துப் படியுங்கள். இன்றும் தீராத குறை ஒன்று உண்டு: விளிம்பு உருட்டல், அதாவது ஃபில்லெட், சிக்கலான இடங்களில் தோற்றுப்போகும். அதன் அடியில் ஓடும் ஓபன்கேஸ்கேட் என்னும் வடிவியல் இயந்திரத்தின் எல்லை அது. ஃபில்லெட்டுகளை எப்போதும் கடைசியில் போடுவதும், முடியாத இடத்தில் ஸ்கெட்சிலேயே வளைவாக வரைந்துவிடுவதும் என் வழக்கம். ஆட்டோகேட் பழகிய கைக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சல் வரும். அங்கே கோடு இழுத்தால் வேலை முடிந்தது. இங்கே கோட்டுக்கு நிபந்தனை கட்ட வேண்டும், இது அதற்குச் செங்குத்து, இது அதற்குச் சமம் என்று. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் 150 மில்லிமீட்டர் சூட்டை 180க்கு மாற்ற ஒரு எண்ணைத் திருத்தினால் போதும்.

தகட்டு வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் உங்களுக்குப் பணம் வருவதும் போவதும் அங்கேதான். 2 மில்லிமீட்டர் எம்எஸ் (மென்னெஃகு) தகட்டில் வெளியளவு 50க்கு 50 வரும் ஓர் எல் வடிவம் வேண்டும், உள்வளைவின் ஆரம் 2 என்று கொள்வோம். நேர்ப்பகுதி இரண்டும் 46, 46. வளைவில் போகும் நீளம், ஆரத்தோடு தகட்டுத் தடிமனின் ஒரு பங்கைச் சேர்த்து 90 பாகை வளைவுக்கான 1.5708ஆல் பெருக்கினால் வரும். அந்தப் பங்குக்குத்தான் கே ஃபேக்டர் என்று பெயர். கே 0.44 என்றால் வளைவு 4.52, விரிநீளம் 96.52. கே 0.33 என்றால் வளைவு 4.18, விரிநீளம் 96.18. ஒரு வளைவுக்கு வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான். நாலு வளைவு உள்ள பெட்டியில் அது 1.4 மில்லிமீட்டராகி மூடி உட்காராமல் போகும். ஃப்ரீகேட்டில் ஷீட்மெட்டல் என்னும் துணைநிரலை இலவசமாகச் சேர்த்துக்கொண்டால் அது தகட்டை விரித்து டிஎக்ஸ்எஃப் தரும். லட்சக்கணக்கில் விலையுள்ள மென்பொருளும் இதே வாய்ப்பாட்டைத்தான் போடுகிறது. கே எவ்வளவு என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. உங்கள் பெண்டிங் கடையின் டையும் தகடும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஸ்க்ரூ கன்வேயர் இதழ், அதாவது தண்டைச் சுற்றி ஓடும் திருகுத் தகடு, இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் திருகுப் பரப்பைத் தட்டையாக விரிப்பது வடிவியல்படியே முழுமையாக இயலாது. வெட்டிய வளையத்தை இழுத்து முறுக்கும்போது தகடு சிறிது நீளத்தான் செய்யும். ஆகவே விலை உயர்ந்த மென்பொருள் தருவதும் தோராயமே. வெளிவிட்டம் 150, தண்டு விட்டம் 48, பிட்ச் (ஒரு சுற்றுக்குத் திருகு முன்னேறும் தூரம்) 150 என்றால் வெளிச்சுற்றுத் திருகுநீளம் 494.5, உள்சுற்று 212.7. இதழ் அகலம் 51. அகலத்தை உள்நீளத்தால் பெருக்கி, இரு நீளங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வளையத்தின் உள் ஆரம் 38.5 வரும், வெளி ஆரம் 89.5. கால்குலேட்டர் போதும், பிறகு லிப்ரேகேட்டில் இரண்டு வட்டம், ஒரு வெட்டுக்கோடு. இதற்காக முப்பரிமாணம் கற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

ஆத்தங்குடி அச்சுக்கு வருகிறேன். அந்தக் கல் கண்ணாடிப் பலகையின் மேல் செய்யப்படுவது. சட்டத்துக்குள் அச்சை வைத்து அறை அறையாக வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டும் பிறகு ஈரக்கலவையும் போட்டு நிரவுவார்கள். அச்சு என்பது மெல்லிய பட்டைகளால் ஆன வேலி. அதனால் கோட்டை வரைந்தால் போதாது, பட்டையின் தடிமனைக் கணக்கில் எடுக்க வேண்டும்: நடுக்கோட்டை வரைந்து இரு பக்கமும் பாதித் தடிமனுக்கு ஆஃப்செட் கொடுங்கள். முக்கியமான இடம் ஓரம். நாலு கல் சேரும்போது பூவிதழ் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஓட வேண்டும். பக்கத்துக் கல் கண்ணாடிப் பிம்பமாக அமையும் வடிவத்தில், வளைவு ஓரத்தைச் சரியாக 90 பாகையில் வெட்டினால்தான் முறிவு தெரியாது. கைவரைவில் இது கண்மதிப்பு. ஃப்ரீகேட் ஸ்கெட்சில் செங்குத்து என்று ஒரு நிபந்தனை. எட்டில் ஒரு பங்கை மட்டும் வரைந்து, பிம்பம் எடுத்து எடுத்து முழுக்கல்லை நிரப்புங்கள். பழைய வீட்டுத் தரையிலிருந்து வடிவம் எடுப்பதானால் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நேர்மேலே இருந்து படம் எடுத்து, அந்தப் படத்தைப் பின்னணியாக இட்டு, அளவைச் சரிசெய்துகொண்டு மேலே வரையலாம். கானாடுகாத்தான் வீடு ஒன்றில் இரண்டு கல் உடைந்து மாற்ற வேண்டிவந்தபோது அப்படித்தான் செய்தேன். நூறு ஆண்டுத் தேய்மானத்தில் கல்லுக்குக் கல் அளவு ஒத்துவரவில்லை, ஐந்து கல்லை அளந்து சராசரி எடுக்க வேண்டியிருந்தது.

கோப்பு கைமாறும் இடத்தில் நடக்கும் பிழைகளுக்கு மென்பொருளின் விலை பொறுப்பல்ல என்பதற்கு என் சொந்தப் பிழையே சாட்சி. ஓர் ஆலைக்கு 12 சூட் பக்கத் தகடுகள், விரித்த டிஎக்ஸ்எஃப்பை அனுப்பினேன். லேசர் வெட்டு அச்சுப் பிசகவில்லை. ஆனால் தட்டையான கோப்பில் வளைப்பது மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்ற சேதியே இல்லை. கடையில் ஒரு பக்கமாக எண்ணி வளைத்தார்கள், எனக்கு வேண்டியது மறுபக்கம். வலக்கைச் சூட் 12ம் இடக்கைச் சூட்டாக வந்து இறங்கின. அன்றிலிருந்து வெட்டுக்கோடு ஒரு லேயர், வளைவுக்கோடு வேறு நிறத்தில் வேறொரு லேயர், கூடவே வளைத்து முடித்த உருவத்தின் பிடிஎஃப் ஒன்று என்று மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். அளவு மில்லிமீட்டரில் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். டிஎக்ஸ்எஃப்பில் அலகு குறிக்காமல் விட்டால் அங்கே அங்குலமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வளைவுகள் நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைந்து போகின்றனவா என்பதையும் அனுப்புமுன் லிப்ரேகேட்டில் திறந்து பாருங்கள், உடைந்த வட்டத்தில் லேசர் தலை விக்கி விக்கி நடக்கும். அளவுத்தாளில் இன்னொன்று: நம் நாட்டில் முதல் கோண வீழல்தான் (முன்பார்வைக்குக் கீழே மேற்பார்வையை வைக்கும் முறை) வழக்கம், நீங்கள் டிப்ளமோவில் படித்ததும் அதுவே. அமெரிக்க வழக்கப்படி மூன்றாம் கோணத்தில் அமைந்த வார்ப்புருவைத் தெரியாமல் எடுத்துவிட்டால் வலம் இடமாகும் விபத்து அங்கேயும் காத்திருக்கிறது.

வாடிக்கையாளர் டிடபிள்யூஜி கோப்பு, அதாவது ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு, அனுப்பினால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃப்ரீகேட் அதை நேரடியாகத் திறப்பதில்லை, லிப்ரேகேட் அரைகுறையாகத் திறக்கும். ஓபன் டிசைன் அலையன்ஸ் தரும் கோப்பு மாற்றி இலவசம். அதில் டிஎக்ஸ்எஃப் ஆக்கிக்கொள்ளலாம். பார்க்க மட்டும் என்றால் ஆட்டோடெஸ்க்கே தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ போதும். மாதத்துக்குப் பத்து இருபது டிடபிள்யூஜி வந்து, திருத்தி அதே வடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால், ஆட்டோகேட்டைப் போலவே நடக்கும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றை யோசிக்கலாம். உங்கள் 10,000 ரூபாய்க்குள் அவை அடங்குவது அரிது, ஆனால் ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் அவற்றில் உண்டு. ஆட்டோகேட் அப்படி விற்பதை 2016லேயே நிறுத்திவிட்டது. விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கேளுங்கள். நம் பக்கத்து ஆட்கள் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை. இதையும் ஓராண்டுக்குப் பார்க்காமல் ஐந்தாண்டுக்குப் போட்டுப் பாருங்கள், சந்தாவுக்கும் நிரந்தர உரிமத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் கண்ணில் படும்.

இலவசமாகத் தரும் நிறுவனம் நாளை கதவடைத்தால் என்ன என்ற பயம் நியாயமானது. டிராஃப்ட்சைட் என்னும் இருபரிமாண வரைவு மென்பொருள் பல ஆண்டுகள் இலவசமாக இருந்து, 2019 இறுதியோடு அந்த இலவசப் பதிப்பு நின்றுபோனது. அதை நம்பியிருந்தவர்களுக்குக் கோப்பு போகவில்லை, ஏனென்றால் எல்லாம் டிடபிள்யூஜியில் இருந்தன. பழகிய கை மட்டும் போனது. நான் கடைப்பிடிப்பது என்னவென்றால், ஒரு வேலை முடிந்ததும் சொந்தக் கோப்போடு ஒரு ஸ்டெப், ஒரு டிஎக்ஸ்எஃப், ஒரு பிடிஎஃப் மூன்றையும் ஆர்டர் எண் போட்ட ஒரே உறையில் வைத்து, வேறொரு டிஸ்க்கிலும் நகல் எடுத்துவிடுகிறேன். ஸ்டெப்பில் உருவம் மட்டும் நிற்கும், எந்த ஸ்கெட்சிலிருந்து எந்த வரிசையில் வந்தது என்ற வரலாறு போய்விடும். ஆகவே அது சொந்தக் கோப்புக்கு மாற்றல்ல, காப்பு.

நான் உறுதியாகச் சொல்பவை மேலே உள்ள கணக்குகளும் கோப்பு வடிவங்களும். உரிம நிபந்தனைகளும் விலைகளும் அப்படியல்ல. நிறுவனங்கள் அவற்றை மாற்றிக்கொண்டே இருப்பதால் நிறுவும் நாளில் அவரவர் தளத்தில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். லேசர் கடைக்காரரிடம் எந்தப் பதிப்பு டிஎக்ஸ்எஃப் வேண்டும் என்று கேட்பதும் உங்கள் பொறுப்பு, கடைக்குக் கடை மாறும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே. 2 மில்லிமீட்டர் தகட்டில் 100 நீளம் 30 அகலமுள்ள துண்டு மூன்று வெட்டி, வழக்கமாகக் கொடுக்கும் பெண்டிங் கடையில் நடுவே 90 பாகைக்கு வளைத்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இரு கைகளின் வெளியளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். மேலே சொன்ன 0.44 உங்கள் கடைக்குப் பொருந்துமானால் கூட்டுத்தொகை 103.5க்கு அருகில் வரும். மூன்று துண்டுகளின் எண்களையும், முடிந்தால் உள்வளைவின் ஆரத்தையும் இங்கே எழுதுங்கள். அதிலிருந்து உங்கள் கே எவ்வளவு என்று எடுத்து, ஷீட்மெட்டலில் அதை எங்கே இடுவது என்பதையும் சொல்கிறேன்.